ட்ரான்ஸ்ஃபார்மர் மட்டும் போதாது

சென்னையில் ஒரு பெரிய தனியார் மருத்துவமனையில் ஏழு வருடம் பயோமெடிக்கல் இன்ஜினியராக இருந்தேன். பெயருக்குத்தான் இன்ஜினியர். வென்டிலேட்டர் மக்கர் செய்தால் ஏ.எம்.சி. (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) ஃபைலைத் தேடி கம்பெனிக்குப் போன் போடுவது, அவர்கள் ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனதும் சர்வீஸ் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுவது, முக்கால்வாசி வேலை இதுதான். அந்தத் தைரியத்தில் ஆப்பிரிக்க நாடான மலாவியில் ஆறு மாதத் தன்னார்வப் பணிக்கு விண்ணப்பித்தேன். நேர்காணலில், "ஸ்பேர் கிடைக்காத இடத்தில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார்கள். ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

விசா, மலேரியா மாத்திரை, அடிஸ் அபாபாவில் ராத்திரி முழுக்கக் காத்திருப்பு. அதெல்லாம் எல்லாருக்கும் நடப்பதுதான். அங்கே பிளாண்டையர் நகரத்திலிருந்து மினிபஸ்ஸில் இரண்டு மணி நேரம் போனால் நான் வேலை பார்த்த மாவட்ட மருத்துவமனை வரும்.

முதல் நாளே ஸ்டோர் ரூமைத் திறந்து காட்டினார்கள். உள்ளே 11 ஆக்சிஜன் செறிவூட்டிகள், எல்லாம் நன்கொடையாக வந்தவை. 2021 கொரோனா அலையில் நம் ஊரில் ஆளாளுக்கு அலைந்து தேடினோமே, அதே பெட்டிதான். காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். இந்தப் பெட்டி காற்றை அழுத்தி சியோலைட் மணிகள் நிரப்பிய குழாய்க்குள் அனுப்பும். மணிகள் நைட்ரஜனைப் பிடித்துக்கொள்ள, மறுபக்கம் 90 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜன் வரும். 82க்குக் கீழே போனால் நோயாளிக்கு வைக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு.

பட்டியல் எடுக்க ஒரு வாரம் ஆனது. கம்பெனி, மாடல், சீரியல் எண், வோல்டேஜ், பழுது என்று கட்டம் போட்டு எக்செல் ஷீட் தயார் செய்தேன். அந்த ஷீட்டில் ஒரு கட்டம் குறைந்தது. அது தெரிய மூன்று வாரம் ஆயிற்று.

11இல் நான்கு பெட்டிகள் அமெரிக்காவிலிருந்து வந்தவை. தட்டையான பின், 115 வோல்ட். மலாவியில் 230 வோல்ட், பிரிட்டிஷ் பாணி மூன்று பின் சாக்கெட். எனக்கு ஒரே குஷி. பழுதே இல்லை, ட்ரான்ஸ்ஃபார்மர் போதும்! பிளாண்டையருக்குப் போய் வாங்கிவந்து மாட்டினேன். பெட்டி உறுமிக்கொண்டு ஓடியது. குழாய் நுனியைத் தண்ணீர் டம்ளரில் விட்டால் குபுகுபுவென்று குமிழி. அதைப் படம் எடுத்து வீட்டுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

குமிழி வந்தால் காற்று வருகிறது என்று அர்த்தம், அவ்வளவுதான். ஆக்சிஜன் எவ்வளவு என்று அனலைசர்தான் சொல்லும். ஓட்டத்தை நிமிடத்துக்கு 5 லிட்டரில் வைத்துப் பார்த்தால் 74 சதவீதம்.

அனலைசர் மேல் சந்தேகம். வெளியே வேப்பமரத்தடிக்கு எடுத்துப்போய் (ஆமாம், அங்கேயும் வேம்பு உண்டு) திறந்தவெளிக் காற்றில் 20.9க்குச் சரிசெய்து கொண்டுவந்தேன். மறுபடி 74. ஃபில்டரை மாற்றினேன். ட்யூப் ஒவ்வொன்றிலும் சோப்பு நுரை தடவி லீக் தேடினேன். 74. இரண்டாவது பெட்டி 75. இரண்டு நாள் போனது.

அங்கே ஒரு மூத்த டெக்னீஷியன் இருந்தார். அதிகம் பேசமாட்டார். இரண்டு நாளும் பக்கத்து மேஜையில் சக்ஷன் மெஷின் ஒன்றைப் பிரித்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தவர், மூன்றாம் நாள் காலை எழுந்து வந்து, பெட்டியைச் சுவர்ப்பக்கத்திலிருந்து திருப்பி, ஸ்டிக்கரில் படிந்திருந்த செம்மண் தூசியைக் கட்டைவிரலால் துடைத்தார்.

"இன்ஜினியர், இதைப் படித்தீர்களா?"

115 வோல்ட், 60 ஹெர்ட்ஸ்.

ஹெர்ட்ஸ் என்பது மின்சாரம் ஒரு நொடியில் எத்தனை சுற்று முன்னும் பின்னும் மாறுகிறது என்ற கணக்கு. மலாவியில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ட்ரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைத்தான் மாற்றும், ஹெர்ட்ஸைத் தொடாது. அந்தப் பெட்டியில் கம்ப்ரஸர் மோட்டாரின் வேகம் ஹெர்ட்ஸைப் பொறுத்தது, ஆகவே ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்துவிடும். உள்ளே போகும் காற்று குறையும், அழுத்தம் குறையும், சியோலைட் திணறும். போதாததற்கு மோட்டார் சூடாகும். கல்லூரியில் பரீட்சைக்கு எழுதி மார்க் வாங்கிய பாடம். நம் ஊரிலும் 50 ஹெர்ட்ஸ்தான். அதனால் ஷீட்டில் ஹெர்ட்ஸுக்கு ஒரு கட்டம் தேவைப்படும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

"முதல் நாளே சொல்லியிருக்கலாமே?" என்றேன். "நீங்கள் கேட்கவில்லையே" என்றார். கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

ஓட்டத்தை 2 லிட்டராகக் குறைத்துப் பார்த்தோம். 91 வந்தது. குழந்தைகளுக்கு அது போதும், அப்படியே வார்டுக்குக் கொடுத்துவிடலாமா என்று எனக்கு ஆசை. அவர் ஒத்துக்கொள்ளவில்லை. நடு ராத்திரியில் அவசரத்துக்கு யாராவது குமிழைத் திருகி 5இல் வைப்பார்கள், எச்சரிக்கை பஸ்ஸர் கத்தினால் மேலே பிளாஸ்திரி ஒட்டிவிடுவார்கள் என்றார். ஸ்டோரில் இருந்த மூன்று பெட்டிகளில் பிளாஸ்திரி ஏற்கெனவே இருந்தது.

ஆனால் அந்த 91 வேறொன்றையும் சொன்னது. அமெரிக்கப் பெட்டிகளின் சியோலைட் குழாய்கள் நன்றாக இருக்கின்றன. மீதி ஏழும் 230 வோல்ட் பெட்டிகள். அவற்றில் இரண்டு, வாய் மூடாமல் இரண்டு மழைக்காலம் கிடந்தவை. ஒன்றின் குழாயைப் பிரித்துக் கவிழ்த்தபோது, ஜவ்வரிசி மாதிரி உருண்டையாக விழவேண்டிய மணிகள் வெள்ளைத் தூளாகக் கொட்டின. ஈரப்பதம் செய்த வேலை. நல்லவேளை, அமெரிக்கப் பெட்டிகளில் இரண்டு அதே மாடலின் 60 ஹெர்ட்ஸ் வடிவம். அவற்றின் குழாய்களைக் கழற்றி மாற்றினோம்.

இன்னும் மூன்று பெட்டிகளுக்குப் பெரிதாக எதுவும் இல்லை. செம்மண் அடைத்த ஃபில்டர், எரிந்த ஃப்யூஸ், விரிசல் விட்ட ஹ்யூமிடிஃபையர் மூடி. டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் மால்கின் 2010இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. வசதி குறைந்த 60 மருத்துவமனைகளின் 2,849 பழுதுகளைப் பார்த்து, 66 சதவீதத்தை அடிப்படைத் திறமை இருந்தாலே சரிசெய்துவிடலாம் என்று சொன்னது. நேர்காணலுக்கு முன்னால் படித்தபோது நம்பவில்லை.

ஆக ஐந்து பெட்டிகள் ஓடின. இரண்டு பச்சிளங்குழந்தைகள் வார்டுக்குப் போயின. அங்கே புமானி என்ற சி-பேப் கருவி இருந்தது, மூச்சுத் திணறும் குழந்தைக்கு மூக்கு வழியே லேசான அழுத்தத்தில் தொடர்ந்து காற்று கொடுப்பது. மீன்தொட்டிப் பம்பை வைத்து அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகமும் பிளாண்டையர் குயின் எலிசபெத் மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கியது. மலாவி வார்டுக்கென்றே யோசித்துச் செய்திருப்பது பார்த்தாலே தெரியும். ஸ்டோர் ரூமில் கிடந்தவற்றை யாரும் அப்படி யோசித்து அனுப்பவில்லை.

மிச்சமிருந்த 230 வோல்ட் பெட்டிகள் இரண்டுக்கும் கம்ப்ரஸரும் சியோலைட் குழாய்களும் வெளியிலிருந்து வரவழைக்க வேண்டியிருந்தது. பார்சல் சுங்கத்தில் நின்றது. வரிவிலக்குக் கடிதம் கேட்டார்கள், கொடுத்தோம். வேறு முத்திரையோடு இன்னொன்று கேட்டார்கள். சிச்சேவா மொழியில் நான் ஒழுங்காகக் கற்ற முதல் சொல் "மாவா". நாளை என்று பொருள்.

நான் ஊர் திரும்பும்வரை பார்சல் வரவில்லை. போன மாதம் டெக்னீஷியன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். பார்சல் வந்துவிட்டதாம். குழாய்களில் ஒன்று குறைகிறதாம்.