திறந்து படிக்கத்தான் இந்தப் புத்தகங்கள்

பல்கலைக்கழக நூலகத்தின் அரிய நூல் பிரிவில் செப்பனிடும் வேலை பார்க்கிறேன். இதைச் சொன்னதும் பலரும் கேட்பது, "அதையெல்லாம் கண்ணாடிப் பெட்டியில வெச்சுப் பூட்டிட்டாப் போதாதா?" என்பதுதான். போதாது. அருங்காட்சியகத்தில் ஒரு புத்தகம் ஒரே பக்கத்தைக் காட்டிக்கொண்டு மாதக்கணக்கில் கிடக்கலாம். இங்கே ஆய்வு மாணவர் ஒருவர் கேட்டால் எடுத்துக் கொடுத்தாக வேண்டும், அவர் முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை புரட்டுவார், அடுத்த வாரம் இன்னொருவர் வந்து அதையே கேட்பார். அதனால் என் மேசைக்கு ஒரு புத்தகம் வந்ததும் அது எவ்வளவு தூரம் திறக்கிறது, எந்த இடத்தில் முரண்டு பிடிக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். பட்டியலில் அதன் மதிப்பு என்ன, எத்தனை பிரதிகள் மிச்சம் என்பதெல்லாம் அப்புறம்தான்.

பழசு என்றால் பலவீனமாகத்தான் இருக்கும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் 1500-களில் அச்சான புத்தகத்தின் தாளைத் தொட்டுப் பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள். கந்தல் துணியை ஊறவைத்து இடித்துக் கூழாக்கிச் செய்த தாள் அது. இன்றும் மடித்தால் மடியும், புரட்டினால் நல்ல சத்தம் வரும். என்னைக் கவலைப்பட வைப்பவை 1880, 1890-களில் வந்த புத்தகங்கள். பக்கத்தின் மூலையை மடித்தால் கையோடு உடைந்து வந்துவிடும். 1807-இல் மோரிட்ஸ் இல்லிக் என்ற ஜெர்மானியர், மை ஊறிப் பரவாமல் இருக்கப் படிகாரத்தையும் பைன் மரப் பிசினையும் கூழிலேயே கலக்கும் முறையை வெளியிட்டார். 1840-களில் ஃபிரீட்ரிஷ் கெல்லர் மரத்தையே அரைத்துக் கூழாக்க வழி கண்டுபிடித்தார். தாள் மலிவானது, புத்தகம் எளியவர் கைக்கும் போய்ச் சேர்ந்தது. அந்த வகையில் அவர்களுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் படிகாரம் காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்து மெல்ல மெல்ல அமிலத்தைத் தருகிறது, அந்த அமிலம் தாளின் உயிரான செல்லுலோஸ் சங்கிலிகளைத் துண்டு துண்டாக வெட்டுகிறது. மரக்கூழில் இருக்கும் லிக்னின் வேறு தன் பங்குக்குத் தாளைப் பழுப்பாக்குகிறது.

கால்சியம் அல்லது மக்னீசியம் சேர்மங்களைத் தாளுக்குள் செலுத்தி அமிலத்தை முறித்துவிடலாம். நல்ல வழிதான். ஆனால் அது மேற்கொண்டு சேதமாவதைத்தான் தாமதப்படுத்தும், உடைந்துபோன சங்கிலியை ஒட்டாது. நொறுங்கும் தாள் நொறுங்கும் தாளாகவே இருக்கும். எனவே இதைச் செய்வதானால் தாள் தெம்பாக இருக்கும்போதே செய்ய வேண்டும். இதை நிர்வாகத்துக்குப் புரியவைப்பது கஷ்டம், ஏனென்றால் பார்வைக்கு நன்றாக இருக்கும் புத்தகத்துக்குப் பணம் கேட்கிறோம்.

கையால் செய்யும் வேலை எப்படியிருக்கும் என்று காட்ட ஒன்றைச் சொல்கிறேன். பயண நூல்களிலும் நில அளவை நூல்களிலும் மடித்து வைத்த பெரிய வரைபடம் இருக்கும், விரித்துப் பார்த்துவிட்டுத் திருப்பி மடிக்க வேண்டும். பத்துக்கு ஒன்பது புத்தகத்தில் அது ஒரே இடத்தில்தான் கிழிந்திருக்கும்: புத்தகத்தின் உள் ஓரத்தை ஒட்டி, முதல் மடிப்பு தொடங்கும் இடத்தில். வாசகர் அவசரத்தில் மடிப்பை மாற்றி மடிப்பதுதான் காரணம். அந்தக் கிழிசலை உருப்பெருக்கியில் பார்த்தால் அது கத்தியால் வெட்டிய கோடு மாதிரி இருக்காது. தாள் சாய்வாகப் பிரிந்து, ஒரு இடத்தில் இடது ஓரம் மேலே இருக்கும், இரண்டு விரல் தள்ளி வலது ஓரம் மேலே ஏறியிருக்கும். எந்த ஓரம் எதன் மேல் உட்கார வேண்டும் என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். தவறினால் ஆற்றின் கோடு மயிரிழை அளவு விலகி நிற்கும், அளவெடுத்து ஆராய்பவருக்கு அந்த மயிரிழையே முக்கியம்.

பிறகு ஒட்டுத்தாள். மல்பெரி வகை மரமான கோசோவின் பட்டையிலிருந்து ஜப்பானில் செய்யும் மெல்லிய தாள், பின்னால் விரல் வைத்தால் தாள் வழியே தெரியும். இதைக் கத்தரிக்கோலால் வெட்டக் கூடாது. நுனித் தூரிகையைத் தண்ணீரில் தொட்டு ஒரு கோடு இழுத்து, அந்த ஈரக் கோட்டில் மெல்லப் பிரித்தெடுக்க வேண்டும், அப்போதுதான் ஓரமெல்லாம் இழை இழையாக நீண்டு நிற்கும். அந்த இழைகள்தான் பழைய தாளைப் பற்றிக்கொள்ளும், மேடு தட்டாது. பசை, புரதம் நீக்கிய கோதுமை மாவுச்சத்தைத் தண்ணீரில் காய்ச்சி, ஆறவிட்டு, சல்லடையில் தேய்த்து வடித்தது. வரைபடத்தின் பின்புறம்தான் ஒட்டு விழும், அச்சான பக்கத்தைத் தொடுவதில்லை. மேலும் கீழும் உறிஞ்சுதாள் வைத்து, எடை ஏற்றி, காயவிட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய்விட வேண்டும். அவசரப்பட்டு எடுத்தால் தாள் சுருங்கி நெளியும். என்றைக்காவது இந்த ஒட்டு வேண்டாம் என்று யாருக்காவது தோன்றினால், கொஞ்சம் ஈரம் காட்டினால் போதும், கழன்று வந்துவிடும்.

இந்தக் கடைசி வரிதான் எங்கள் தொழிலில் எல்லாம். செலோடேப்பை நான் இவ்வளவு வெறுப்பதும் அதனால்தான். சில வருடங்களில் பிளாஸ்டிக் பட்டை தானாக உதிர்ந்துவிடும், பசை மட்டும் தாளுக்குள் இறங்கிப் பழுப்புக் கறையாக நிற்கும், எழுத்தின் மீது இறங்கியிருந்தால் முழுக்க எடுக்கவே முடியாமல் போகலாம். நல்ல எண்ணத்தோடு செய்த பெரிய காரியங்களுக்கும் இதே கதிதான். சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் செல்லுலோஸ் அசிட்டேட் படலத்தைச் சூட்டில் அழுத்தித் தாளின் இருபுறமும் ஒட்டுவது பல நாடுகளில் பெருமையான முறையாக இருந்தது. இன்று அதே தாள்களை அசிட்டோனில் ஊறவைத்து, அந்தப் படலத்தைக் கரைத்து எடுப்பதற்கென்று ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

கட்டைப் பிரித்துப் புதிதாகக் கட்டுவதிலும் எனக்கு இப்போது தயக்கம் அதிகம். ஒரு காலத்தில் நூலகங்கள் பழைய புத்தகங்களை மொத்தமாகப் பைண்டிங்குக்கு அனுப்பின, ஒரே நிறத் துணியில் பளிச்சென்று திரும்பி வந்தன. வரும்போது மூன்று பக்கமும் ஓரம் வெட்டப்பட்டிருக்கும். பழைய வாசகர் ஓரத்தில் எழுதிய குறிப்பில் பாதி எழுத்துகள் போயிருக்கும். அதைவிடப் பெரிய நஷ்டம் கண்ணுக்குத் தெரியாதது. பழைய ஐரோப்பியப் பைண்டர்கள் உதவாத கையெழுத்துப் பிரதிகளின் தோல் ஏடுகளைக் கிழித்து முதுகுப்பகுதிக்கு உள்பட்டையாக ஒட்டுவார்கள். இடைக்காலப் பிரதிகளின் துண்டுகள் எத்தனையோ இப்படித்தான் தப்பிப் பிழைத்து நம் கைக்கு வந்தன. முதுகைச் சுரண்டி எறிந்தால் அதுவும் குப்பைக்குத்தான் போகும். எந்த நூலால், எத்தனை கயிற்றில் தைத்தார்கள், அட்டையை எப்படி இணைத்தார்கள் என்பதெல்லாம் அந்தப் புத்தகத்தை யார் எதற்கு வாங்கினார்கள் என்று சொல்லும் சாட்சியங்கள். அட்டை கழன்றிருந்தால் தேவைப்படும் இடத்தில் மட்டும் ஒரு ஒட்டுக் கொடுத்து நிறுத்திக்கொள்கிறேன். சில புத்தகங்களுக்கு அதுவும் வேண்டாம், அளவெடுத்துச் செய்த ஒரு பெட்டியும் கட்டுவதற்கு ஒரு பருத்தி நாடாவும் போதும்.

தனித்தாள் அச்சுப் படங்கள் வேறு ஜாதி. செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட படத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள்: படத்தைச் சுற்றித் தகட்டின் ஓரம் அழுந்திய பள்ளம் தெரியும், மை ஏறிய கோடுகள் விரலுக்குத் தட்டுப்படும் அளவுக்கு மேலெழுந்து நிற்கும். அதைச் சூடான அழுத்தியில் வைத்து அட்டையோடு ஒட்டினால் எல்லாம் சப்பையாகிவிடும், அப்புறம் அது ஒரு போட்டோ நகலுக்குச் சமம். கறை போக நீரில் கழுவுவதற்கும் நூறு தடவை யோசிப்பேன். கையால் வண்ணம் தீட்டிய பழைய வரைபடங்களில் பச்சை நிறம் தனித் தலைவலி. செம்பிலிருந்து எடுத்த பச்சை அது, தாளையே அரித்துவிடும். திருப்பிப் பார்த்தால் பச்சை பூசிய இடங்கள் மட்டும் பின்புறத்தில் பழுப்பாகத் தெரியும், சில இடங்களில் தாள் வெடித்து எல்லைக்கோட்டோடு கழன்றிருக்கும். தண்ணீர் பட்டால் செம்பு அக்கம்பக்க இடங்களுக்கும் பரவும். இவற்றுக்கு அமிலமில்லாத அட்டையில் சாளரம் வெட்டி, மேல் ஓரத்தில் இரண்டு சின்னக் கீல் ஒட்டுகளில் மட்டும் தொங்கவிட்டு, தட்டையான பெட்டியில் படுக்கவைக்கிறோம். அந்தப் பெட்டிக்கு இன்றும் சொலாண்டர் பெட்டி என்றுதான் பெயர். 18-ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் வேலை பார்த்த டேனியல் சொலாண்டர் என்ற தாவரவியலாளரின் பெயர்.

அறையைப் பற்றி நிறையச் சொல்லலாம், சுருக்கமாக: குளிர்ச்சியாக இருக்கட்டும், ஈரப்பதம் 40-லிருந்து 55 சதவீதத்துக்குள் நிற்கட்டும், முக்கியமாக அங்குமிங்கும் தாவாமல் இருக்கட்டும். 65-ஐத் தாண்டினால் பூஞ்சை கிளம்பும். இராமபாணப் பூச்சிக்கு மருந்தடிக்கும் பழக்கத்தை விட்டுவிட்டு, புத்தகத்தைப் பாலித்தீனில் காற்றுப் புகாமல் மூடி உறைநிலைப் பெட்டியில் வைப்பது எவ்வளவோ மேல். மைனஸ் 30 டிகிரி என்றால் மூன்று நாள் போதும். வெளியே எடுத்ததும் உறையைப் பிரிக்கக் கூடாது, அறைச் சூட்டுக்கு வரும் வரை காத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தாளில் நீர் கோத்துவிடும்.

நனைந்த புத்தகத்துக்கும் உறைநிலைதான் கைகொடுக்கும், ஏனென்றால் இரண்டு மூன்று நாளுக்குள் பூஞ்சை வந்துவிடும், ஒரு மாடி முழுக்க நனைந்தால் அதற்குள் யாராலும் உலர்த்தி முடிக்க முடியாது. 1966 நவம்பர் 4-இல் ஆர்னோ ஆறு ஃபுளோரன்ஸ் நகருக்குள் புகுந்தபோது அங்கிருந்த தேசிய நூலகத்தின் அடித்தளமெங்கும் சேறு. பல நாடுகளிலிருந்து மாணவர்கள் போய் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றிப் புத்தகங்களை வெளியே எடுத்தார்கள். இன்றைய செப்பனிடும் தொழில் உருவானதில் அந்த வெள்ளத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அங்கே உதவப் போன கிறிஸ்டோஃபர் கிளார்க்சன் கவனித்த ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும்: விலையுயர்ந்த கட்டுகளெல்லாம் சிதைந்து கிடக்க, பசையே அதிகம் படாத, வளைந்து கொடுக்கும் தோலுறையில் சாதாரணமாகக் கட்டிய பழைய புத்தகங்கள் நன்றாகத் தாக்குப்பிடித்திருந்தன. அதைப் பார்த்துத்தான் அந்தக் கட்டு முறையை மறுபடி கையில் எடுத்தார்கள்.

"ஸ்கேன் பண்ணியாச்சே, அப்புறம் எதுக்கு அசல்?" என்று கேட்பவர்களுக்கு: ஸ்கேன் மிகவும் நல்லது, செய்யுங்கள், புத்தகத்துக்கு ஓய்வு கிடைக்கிறது. ஆனால் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தாளுக்குள் தெரியும் நீர்க்குறியோ தையலோ தகடு அழுந்திய பள்ளமோ அந்தப் படத்தில் வராது. அந்தக் கேள்விகளோடு வருகிறவருக்கு அசலைத்தான் எடுத்து நீட்ட வேண்டும்.

படிக்க வருபவர்களிடம் சில விஷயங்களைக் கேட்டுக்கொள்கிறேன். வெள்ளைத் துணிக் கையுறை வேண்டாம். விரலில் உணர்வு போய்த் தாளைக் கிழிப்பதுதான் நடக்கும். சோப்புப் போட்டுக் கழுவி நன்றாக உலர்ந்த கை போதும், புகைப்படங்களுக்கு மட்டும் நைட்ரைல் கையுறை. இன்னொரு விதிவிலக்கு, 19-ஆம் நூற்றாண்டின் பளிச்சென்ற பச்சைத் துணி அட்டைகள். சிலவற்றின் சாயத்தில் ஆர்சனிக் உண்டு. அமெரிக்காவின் விண்டர்தூர் அருங்காட்சியகமும் டெலவேர் பல்கலைக்கழகமும் 2019 முதல் இவற்றைத் தேடிப் பட்டியலிட்டு வருகின்றன. நாங்கள் அப்படிப்பட்டதை உறையிலிட்டுத்தான் கொடுப்போம், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

தாங்கியில் வைத்துத் தந்த புத்தகத்தை அது திறக்கும் அளவுக்கு மட்டும் திறங்கள், அழுத்தி மட்டமாக்காதீர்கள். அலமாரியில் இருந்து எடுக்க வேண்டி வந்தால் முதுகின் மேல் நுனியில் விரல் போட்டு இழுக்காமல், இருபக்கப் புத்தகங்களைச் சற்றே உள்ளே தள்ளிவிட்டு நடுவில் பிடித்து எடுங்கள். படிக்கும்போது ஏதாவது துண்டு உதிர்ந்தால் பயந்துகொண்டு உள்ளே செருகி மூடிவிட வேண்டாம், யாரும் திட்டப் போவதில்லை. எந்தப் பக்கத்தில் விழுந்தது என்று ஒரு சீட்டில் பென்சிலால் எழுதி, துண்டோடு சேர்த்து மேசையில் இருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.