கோத்தகிரி குளிர்ல ஹரோல்டும் குமாரும்

போன லீவுக்கு பசங்கெல்லாம் கோத்தகிரில ஒண்ணா சேந்தப்போ 2004ல வந்த 'ஹரோல்ட் அண்ட் குமார் கோ டு ஒயிட் காசில்' படம் பாத்தோம், யப்பா சிரிச்சு சிரிச்சு வயிறே வலிச்சிருச்சு. கதைன்னு பெருசா ஒண்ணும் இல்ல, கஞ்சா அடிச்ச ரெண்டு ஃப்ரெண்ட்ஸுக்கு ராத்திரி பசிக்குது, அமெரிக்காவுல நியூ ஜெர்சி பூரா ஒயிட் காசில்ங்கற கடையோட பர்கர் தேடி அலையறாங்க, அவ்ளோதான். ஆனா எனக்கு ரொம்ப புடிச்சது, ஹாலிவுட் படத்துல ஒரு கொரியன் பையனும் ஒரு இந்தியப் பையனும்தான் ஹீரோ, சும்மா வந்து பேச்சுக்கு கிண்டல் வாங்கிட்டு போற கேரக்டர் கிடையாது. ஜான் சோவும் கல் பென்னும் அவ்ளோ இயல்பா பண்ணிருக்காங்க, கல் பென் அப்புறம் 2009ல ஒபாமாவோட வெள்ளை மாளிகைல வேலைக்கே போனாரு!

சீட்டா மேல ஏறி சவாரி போற சீன்ல ரூமே அதிர்ந்துச்சு, "டேய் இங்க தேயிலைத் தோட்டத்துல சிறுத்தைன்னு சொன்னாலே ஓடுவோமேடா"ன்னு ஒருத்தன் கத்த, மறுபடி சிரிப்பு. பர்கரையே பாத்துட்டு இருந்தா பசிக்காம என்ன பண்ணும், அந்த நேரத்துல கடை ஏது, வர்க்கிய சுடச்சுட டீல முக்கி தின்னோம், செம டேஸ்ட்டு. 2008ல வந்த ரெண்டாவது பார்ட்டு அடுத்த தடவைக்கு, இதே செட்டோட.