மாதுளைக் குச்சி: மூன்றாம் முறை, பன்னிரண்டில் நான்கு

செடியாக்க வெட்டி நட்ட பன்னிரண்டு மாதுளைக் குச்சியில் நான்கு குச்சி வேர் பிடித்துவிட்டது. சிரிப்பவர்கள் சிரிக்கட்டும், இதற்கு முன் இரண்டு முறை வைத்ததில் ஒன்றுகூடத் தேறவில்லை.

மாதுளை நன்றாக ஏமாற்றும். வைத்த இரண்டு மூன்று வாரத்தில் செக்கச் செவேலென்று துளிர் விட்டுவிடும். போன முறை அந்தக் குஷியில் எல்லாவற்றையும் தூக்கி வெயிலில் வைத்தேன். நான்கே நாளில் அத்தனையும் கருகின. பிடுங்கிப் பார்த்தால் அடியில் ஒரு மயிரிழை வேர்கூட இல்லை. துளிருக்குத் தேவையான மாவுச்சத்து குச்சியிலேயே இருக்கிறது. வேர் அதற்கப்புறம் ஆடி அசைந்துதான் வரும்.

அதற்கும் முந்தைய முறை இழுத்து இழுத்துப் பார்த்தே கொன்றேன். அந்தக் கதை வேண்டாம்.

அதனால் இந்த முறை உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் கப். அடியில் துளைகள், மணலும் கோகோபீட்டும் (தென்னை நார்த்தூள்) சரிபாதி, சுற்றிலும் கறுப்புத் துணி. வேருக்கு இருட்டு வேண்டும், எனக்கோ பார்த்தாக வேண்டும். துணியை ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அவிழ்ப்பது என்று சபதம் எடுத்தேன், புதன்கிழமையே அவிழ்த்துவிட்டேன். 38ஆம் நாள் கப்பின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு கோடு. கப்பில் விழுந்த கீறல் என்றுதான் நினைத்தேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் கீறல் கிளை விட்டிருந்தது!

குச்சி வழக்கம்போல்தான்: பென்சில் தடிமன், போன வருஷத்துக் கொம்பு, ஒரு சாண் நீளம், கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டு. எட்டுக்கு வேர் ஊக்கிப் பொடி தொட்டு வைத்தேன், நான்கை வெறுமனே வைத்தேன். பிழைத்ததில் மூன்று பொடி தொட்டவை, ஒன்று வெறும் குச்சி. இவ்வளவு குறைந்த எண்ணிக்கையை வைத்துப் பொடியைப் புகழவும் முடியாது, திட்டவும் முடியாது. செத்ததில் ஒன்று தலைகீழாக நட்டது. மேல்பக்கத்தைச் சாய்வாக வெட்டி அடையாளம் வைத்தும் மாற்றி நட்டேன் என்றால் என்னத்தைச் சொல்ல.

கோகோபீட் வாங்கும்போது கவனம். என் கட்டியின் உறையில் ‘உப்பு நீக்கியது’ என்று அச்சிட்டிருந்தது. கரைத்துப் பிழிந்த தண்ணீரில் நாக்கை வைத்தேன், கரித்தது. மூன்று தண்ணீர் மாற்றிய பிறகுதான் உபயோகித்தேன். முதல் இரண்டு முறையும் கழுவாமலே போட்டிருக்கிறேன், அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அடுத்து, குச்சி வெட்டிய அதே மரத்தில் விண்பதியன் போட எண்ணம், அதாவது கிளையை வெட்டாமல் மரத்திலேயே வைத்து வேர் விட வைப்பது. தாய்க்கிளையிலிருந்து சாறு வந்துகொண்டே இருக்குமே, இந்தத் துளிர் நாடகம் இருக்காது. அத்திக் குச்சியும் ஆசை காட்டுகிறது, ஆனால் கப் காலியில்லை.

ஏனென்றால் வேர் பிடித்த நான்கும் இன்னும் கப்பில்தான் இருக்கின்றன. வெள்ளை வேர் கொஞ்சம் பழுப்பேறட்டும், அப்புறம் தொட்டிக்கு மாற்றலாம். ஐந்தாவது ஒன்று ஆறு இலையோடு ஜம்மென்று நிற்கிறது. துணியை அவிழ்த்தால் வேரைக் காணோம். தூக்கிப் போடவும் மனசில்லை, நம்பவும் மனசில்லை.