34 விநாடி, 54 விநாடி

வங்கி கிளார்க் முதல்நிலைத் தேர்வுக்கும் டிஎன்பிஎஸ்சி நடத்தும் அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வுக்கும் சேர்த்தே படித்தேன். கணக்கும் ரீசனிங் என்கிற தர்க்கத் திறன் கேள்விகளும் இரண்டுக்கும் ஏறக்குறைய பொதுதான். நேரம்தான் ஆளை மாற்றிவிடுகிறது.

கிளார்க் தேர்வில் மூன்று பகுதி, ஒவ்வொன்றுக்கும் 20 நிமிடம். ரீசனிங்கில் 35 கேள்வி, ஒன்றுக்கு 34 விநாடி. ஒரு பகுதியில் மிச்சமான நேரத்தை அடுத்ததற்குக் கொண்டுபோக முடியாது. வட்ட மேசையில் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்கிற புதிர் இருக்கிறதே, அதில் ஐந்து கேள்வி ஒரே கட்டாக வரும். நேரம் பார்க்காமல் போட்டால் எனக்கு எல்லாம் வரும். டைமர் ஓட ஆரம்பித்தால், ‘இவ்வளவு தூரம் போட்டாச்சே’ என்று அதையே பிடித்துத் தொங்குவேன்.

சென்னிமலையில் எங்கள் வீதியிலிருந்து வங்கி வேலைக்குப் போன அண்ணனிடம், “ஏனுங்கண்ணா, புதிரை உட்டுட்டா மார்க் போயிருமுங்களே?” என்றேன். “உடறதுக்கும் பழகோணும் கண்ணு. மொதல்ல பூராத்தையும் ஒருக்கா பாத்துட்டு வா” என்றார்.

அப்புறம் மாதிரித் தேர்வுகளில் அப்படியே செய்தேன்: கொடுத்த கூற்றுகளிலிருந்து எந்த முடிவு சரி என்று கேட்கும் சிலாஜிசம் போன்ற குட்டிக் கேள்விகள் முதல் சுற்று, புதிர்கள் இரண்டாவது. பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்திலேயே பழகியதால் ஹாலின் அமைதிதான் வித்தியாசமாக இருந்தது.

கடைசி நிமிடத்தில் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பதையும் நிறுத்தினேன். ஐந்து விடைகளில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் தொட்டால், தவறுக்குக் கால் மதிப்பெண் போவதால், சராசரியில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. இரண்டை நீக்க முடிந்தால் மட்டும் தொடலாம்.

குரூப் 4-ல் இது செல்லாது. அங்கே தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை, எதையும் விடக் கூடாது. 3 மணி நேரத்தில் 200 கேள்வி, ஒன்றுக்கு 54 விநாடி. தாராளம்போலத் தெரியும். ஆனால் ஓஎம்ஆர் விடைத்தாளில் பேனாவால் வட்டம் நிரப்புவதும் அதற்குள்தான். நீளமான கூற்று–காரணக் கேள்விகள் வேறு நேரத்தைத் தின்னும். பக்கத்துக்குப் பக்கம் நிரப்பிக்கொண்டே போனேன். 25 கணக்குகளையும் கடைசிக்கு வைக்காமல் தமிழ்ப் பகுதி முடிந்த கையோடு போட்டேன்.

கிளார்க் முதல்நிலை தாண்டியாகிவிட்டது. குரூப் 4 முடிவு இன்னும் வரவில்லை. கிளார்க் தேர்வின் அடுத்த கட்டமான மெயின்ஸுக்கு நேர ஒதுக்கீடே வேறு, அதற்குத் தனியாகப் பழகிக்கொண்டிருக்கிறேன்.