மூன்றாவது ராடின் 19 கிராம்

எங்கள் ஸ்டாண்டர்டு ஹெரால்டு 70 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும், பின்னால் வரும் லாரி கண்ணாடியில் இரண்டு லாரியாகத் தெரியும். வண்டியின் தரையில் வைத்த கால் மரத்துப்போகும். "இந்த வண்டி இப்படித்தான்" என்பார் அப்பா. 60க்கு மேல் மிதிக்கவே மாட்டார். பெருங்களத்தூர் ஆலையில் செய்த 1970 மாடல், நான்கு கதவு. அவர் போனபின் இரண்டு வருடம் ஷெட்டில் கிடந்தது. போன தை மாதம் இன்ஜினை இறக்கினேன். ஹெரால்டில் இந்த வேலை சுகமானது. பானெட்டும் இரண்டு மட்கார்டும் சேர்ந்து ஒரே துண்டாக முன்னால் கவிழ்ந்துவிடும். டயர்மேல் உட்கார்ந்தபடியே போல்ட் கழற்றலாம்.

948 சிசி, நான்கு சிலிண்டர், பிஸ்டன்களின் மேல்கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்கைத் தாங்க மூன்றே மெயின் பேரிங். சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கும் ரீபோர் 20 தௌ, கிராங்க் கிரைண்டிங் 10 தௌ (தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதெல்லாம் திருச்சியிலேயே முடிந்தது. கிராங்கை முதலில் அரைத்துவிட்டு, அதன்பின்தான் பேலன்சிங்குக்கு, அதாவது அதிர்வு குறைய எடையைச் சமப்படுத்தும் வேலைக்கு, கொடுக்க வேண்டும். மாற்றிச் செய்தால் பேலன்சிங் காசு வீண்.

எடை போடும் வேலையை வீட்டிலேயே செய்தேன். 0.1 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு போதும். பிஸ்டன்களை, அவற்றை ராடோடு இணைக்கும் பின், ரிங், பின்னைப் பிடித்துவைக்கும் சர்க்கிளிப்போடு செட் செட்டாக எடை போட்டேன். புதுப் பெட்டியிலிருந்து எடுத்தவைதான், ஆனாலும் கனமானதற்கும் லேசானதற்கும் 5 கிராம் வித்தியாசம். லேசானதை வைத்துக்கொண்டு, மற்ற மூன்றிலும் பின் நுழையும் இடத்தின் அடிப்பகுதியில் உள்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக அராவினேன். பிஸ்டன் தலையில் கை வைக்கவே கூடாது.

பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராட்தான் பொறுமையைச் சோதிக்கும். மொத்த எடை சமமாக இருந்தால் போதாது. ராடின் பெரிய முனை கிராங்கோடு சுற்றுகிறது, சின்ன முனை பிஸ்டனோடு மேலும் கீழும் போகிறது. அதனால் இரண்டு முனையும் தனித்தனியே சமமாக வேண்டும். ஒரு முனையைக் கயிற்றில் தொங்கவிட்டு, மறு முனையைத் தராசில் வைத்து, ராட் மட்டமாக இருக்கும்படி பிடித்து நிறுக்க வேண்டும். முதல் நாள் ஒரே ராடுக்கு ஐந்து தடவை ஐந்து எடை வந்தது. காரணம் தலைக்கு மேல் ஓடிய ஃபேன். அதை அணைத்துவிட்டு வியர்க்க வியர்க்க எடை போட்டபோது, இரண்டு முனை எடையையும் கூட்டினால் மொத்த எடை சரியாக வந்தது. அதன்பிறகுதான் என் கணக்கை நானே நம்பினேன்.

மூன்று ராடுகள் 4 கிராமுக்குள் இருந்தன. மூன்றாம் சிலிண்டருடையது மட்டும் 19 கிராம் கூடுதல். பெரிய முனையில் 13, சின்ன முனையில் 6. விளக்கடியில் வைத்துப் பார்த்தால் ராடில் இருக்கும் குறியே வேறு. எப்போதோ யாரோ மாற்றியிருக்கிறார்கள்.

அம்மாவிடம் கேட்டேன். "மணப்பாறைகிட்ட நின்னு போச்சேடா, நீ அப்ப மூணாங்கிளாஸ். உங்கப்பா வண்டிய அங்கயே விட்டுட்டு பஸ்ல வந்தாரு. மூணு நாள் கழிச்சுப் போய் எடுத்துட்டு வந்தாரு."

கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்த இன்ஜினின் ஸ்ட்ரோக் 76 மி.மீ., ஆகவே சுற்றும் ஆரம் 38. பெரிய முனையின் அந்த 13 கிராம் மட்டுமே, நிமிடத்துக்கு 3000 சுற்றில் சுமார் 5 கிலோ விசையோடு இன்ஜினை உலுக்கும், நொடிக்கு 50 தடவை. சுற்று இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. அப்பா வண்டியின் சுபாவம் என்று நினைத்தது இதைத்தான்.

19 கிராமை அராவி எடுப்பது ராடைப் பலவீனப்படுத்தும் என்று பயந்தேன். பழைய கார் பாகங்கள் விற்கும் சென்னை புதுப்பேட்டைக்கு மூன்று நடை. கடைசியில் ஒரு ஸ்டாண்டர்டு கேசல் கார் இன்ஜினின் ராட் கிடைத்தது. அதுவும் இதே 948 சிசிதான். 3 கிராம்தான் கூட. அராவும்போது கோடுகள் ராடின் நீளவாக்கில் விழ வேண்டும். குறுக்கே கீறல் விட்டால் அங்கிருந்துதான் விரிசல் தொடங்கும். கடைசியில் பளபளவென்று தேய்த்துவிட்டேன். நான்கும் அரை கிராமுக்குள் வந்தன. ஒவ்வொரு ராடின் கேப்பும் (பெரிய முனையை மூடும் கழற்றக்கூடிய பாதி) அதனதன் ராடோடே இருக்க வேண்டும், கலந்துவிடாதீர்கள்.

கிராங்க், முன் புல்லி, கிராங்கின் பின்கோடியில் மாட்டும் கனமான சக்கரமான ஃப்ளைவீல், கிளட்சின் பிரஷர் பிளேட் நான்கையும் நண்பரின் காரில் கோவைக்கு எடுத்துப்போனேன். பம்பு மோட்டார் ரோட்டர்களுக்கு பேலன்சிங் செய்யும் பட்டறை. கிராங்கில் ராடுக்குப் பதிலாக பாப் வெயிட் என்னும் எடைக்கட்டி கட்ட வேண்டாமா என்று பட்டறைக்காரரிடம் கேட்டேன். "சிலிண்டர் ரெண்டு வரிசையா சாஞ்சிருக்கற வி இன்ஜினுக்குத்தானுங்க அது. நாலும் ஒரே வரிசையில இருந்தா ரெண்டு மேல, ரெண்டு கீழ, அதுவே சரியாயிருமுங்க" என்றார்.

கிராங்கை இரண்டு உருளைமேல் கிடத்தி பெல்ட்டால் சுற்றினார். சும்மா உருட்டிப் பார்த்துக் கனமான பக்கம் கீழே வருகிறதா என்று பார்ப்பது போதாது. முன்கோடியில் மேல்பக்கமும் பின்கோடியில் கீழ்ப்பக்கமும் கனமாக இருந்தால் நிற்கும்போது சமமாகத்தான் தெரியும், சுற்றினால்தான் ஆடும். மெஷின் இரண்டு கோடிக்கும் தனித்தனியே கிராமும் கோணமும் காட்டியது. முதலில் கிராங்க் மட்டும். பிறகு புல்லி, ஃப்ளைவீல், பிரஷர் பிளேட் என்று ஒவ்வொன்றாக மாட்டி, புதிதாக மாட்டியதில் மட்டும் துளை போட்டார். கிராங்க் அவ்வளவு மோசமில்லை; ஃப்ளைவீலில்தான் 6 கிராம் எடுக்க வேண்டியிருந்தது. எந்த நிலையில் மாட்டினாரோ அதே நிலையில் திரும்ப மாட்ட பஞ்ச் அடையாளம் வைத்தார். வீட்டுக்கு வந்ததும் ஆயில் துவாரங்களை பிரஷ் விட்டுக் கழுவினேன், மூன்று முறை. துளை போட்ட பொடி ஒன்று உள்ளே இருந்தாலும் புது பேரிங் போய்விடும்.

வண்டி இப்போதும் பட்டுப்போல ஓடவில்லை. நான்கு சிலிண்டருக்கே உரிய மெல்லிய அதிர்வு, சுற்றுக்கு இரண்டு தடவை வருவது, எந்த பேலன்சிங்குக்கும் போகாது. ஆனால் புது பாகங்கள் படிய மெதுவாக ஓட்டும் ரன்னிங்-இன் முடிந்து அம்மாவை உட்கார வைத்து விராலிமலைப் பக்கம் போனபோது 75இல் கண்ணாடியைப் பார்த்தேன். ஒரே லாரி. நம்பர் பிளேட்டைப் படிக்க முடிந்தது.

அந்தப் பழைய ராடைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. மணப்பாறையில் அந்த மெக்கானிக் கையில் கிடைத்ததைப் போட்டு அப்பாவை வீட்டுக்கு அனுப்பிவைத்தார். எண்ணெய் தடவி, துணியில் சுற்றி, டிக்கியில் ஜாக்கிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.