புதிய பிரஷர் மாத்திரைச் சோதனை: முதல் இரண்டு வாரத்தில் கவனிக்க வேண்டியவை

புதிய ரத்த அழுத்த மருந்துகளின் சோதனைகளில் வேலை செய்யும் எங்களுக்கு, மருந்து தொடங்கும் முன் வரும் இரண்டு வாரங்கள்தான் கடினமானவை. நல்ல மருந்தும் அங்கே தோற்றுப்போகலாம்.

பாக்ஸ்ட்ரோஸ்டாட்டைப் பாருங்கள். உடலில் உப்பைத் தேக்கி பிரஷரை ஏற்றும் ஹார்மோன் ஆல்டோஸ்டீரோன்; அட்ரீனல் சுரப்பியில் அதை உண்டாக்கும் நொதியைத் தடுக்கும் மாத்திரை இது. உடலுக்குத் தேவையான கார்டிசால் என்ற இன்னொரு ஹார்மோனை உண்டாக்கும் நொதி அந்த நொதியோடு 93 சதவீதம் ஒத்திருப்பதால், முதல் நொதியை மட்டும் பிடிக்கும் மூலக்கூறு கிடைப்பதே அரிது. மூன்று மருந்து சாப்பிட்டும் பிரஷர் அடங்காதவர்களிடம் நடந்த பிரிக்-ஹெச்டிஎன் சோதனையில் 2 மி.கி. மாத்திரை பிரஷரின் மேல் அளவை 20.3 மி.மீ. பாதரசம் குறைத்தது, ஒப்பிடுவதற்காகக் கொடுக்கும் மருந்தில்லாத போலி மாத்திரை 9.4. ஆனால் ஹாலோ சோதனையில் போலி மாத்திரைக்காரர்களுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு இறங்கியது. வித்தியாசம் தெரியாமல் போயிற்று.

போலி மாத்திரையில் ஏன் இறங்குகிறது? சேர்க்கை வரம்பு 140 என்றால், 138 வந்தவருக்கு இன்னொருமுறை அளந்து 142 எழுதத் தோன்றும். அடுத்த வருகையில் அவருக்குத் தானாகவே குறையும். இன்னொன்று, மாத்திரையை எண்ணுகிறார்கள் என்று தெரிந்ததும் பழைய மருந்துகளையும் ஒழுங்காகச் சாப்பிடத் தொடங்குவார்கள். ஆகவே அந்த இரண்டு வாரமும் எல்லாருக்கும் போலி மாத்திரை கொடுத்து, மிச்சத்தை எண்ணி, அதற்குப் பிறகும் அளவு கூடுதலாக இருப்பவரை மட்டும் சேர்க்க வேண்டும். 2025இல் வெளியான பாக்ஸ்-ஹெச்டிஎன் சோதனை அப்படித்தான் நடந்தது. போலி மாத்திரையில் 5.8தான் இறங்கியது, 2 மி.கி. மாத்திரையில் 15.7.

அளக்கும் முறையில் சலுகையே கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்த்து, பேசாமல் ஐந்து நிமிடம் உட்காரட்டும். கை இதய மட்டத்தில் இருக்கட்டும். கையில் சுற்றும் பட்டையின் காற்றுப்பை மேல்கைச் சுற்றளவில் 80 சதவீதத்தையாவது சுற்றி வர வேண்டும். சிறிய பட்டை அளவைக் கூட்டிக் காட்டும். ஒரு நிமிட இடைவெளியில் மூன்று முறை, தானியங்கிக் கருவியில். கையால் அளப்பவர்கள் 0இல் முடியும் எண்ணுக்கே சாய்வார்கள்.

இந்த வகை மருந்தில் பொட்டாசியம் ஏறும். அதனால் ரத்தம் எடுக்கும்போது முஷ்டியை மடக்கி மடக்கித் திறக்கச் சொல்லாதீர்கள், கையில் கட்டும் பட்டையையும் நெடுநேரம் இறுக்கி வைக்காதீர்கள்; இரண்டுமே பொட்டாசியத்தைப் பொய்யாகக் கூட்டிக் காட்டும். எடுத்த ரத்தத்தில் சிவப்பணு உடைந்திருந்தாலும் அப்படித்தான். அளவு கூடி வந்தால், ஆளைச் சோதனையிலிருந்து நீக்குமுன் அன்றே இன்னொரு மாதிரி எடுத்துப் பாருங்கள்.