ஞாயிற்றுக்கிழமைக் கடப்பா

ஞாயிறு ராத்திரி என்றால் எங்கள் வீட்டில் இட்லியும் கும்பகோணம் கடப்பாவும்தான். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் குழைய வெந்ததும் தேங்காய், பொட்டுக்கடலை, சோம்பு, பச்சை மிளகாய் அரைத்து ஊற்றிக் கொதிக்கவிட வேண்டும். எலுமிச்சை மட்டும் இறக்கிய பிறகு. போன வாரம் அவசரத்தில் அடுப்பில் இருக்கும்போதே பிழிந்துவிட்டேன், லேசாகக் கசந்தது. மாமனார் ஒன்றும் சொல்லவில்லை, மிளகாய்ப்பொடி மட்டும் கேட்டார். சரி, புரிந்துவிட்டது!

நாளை ஆடி 18. வாய்க்காலில் தண்ணீர் வந்தாயிற்று. அக்கா பிள்ளைகள் திருச்சியிலிருந்து வருகிறார்கள். காப்பரிசிக்குப் பச்சரிசி ஊறுகிறது. வெல்லம், எள், தேங்காய்ப்பல் எடுத்து வைத்தாயிற்று. எலுமிச்சை சாதமும் தேங்காய் சாதமும் காலையில் கிளறிக்கொள்ளலாம். புளிக்காய்ச்சல் மட்டும் இப்போதே எண்ணெய் பிரிந்து தளதளவென்று கொதிக்கிறது, வீடு முழுக்க நல்லெண்ணெய் வாசம்.